நாப்பது கிலோ முள்ளுக்கத்தரி

ஆமாம்மா, கள்ளிதான், சப்பாத்திக்கள்ளி. தொடையில குத்துது, குத்தட்டும், நீ வேணா கொஞ்சம் தள்ளி உக்காரு. இன்னா கேட்ட, முள்ளுச்செடி வீட்டுக்கு ஆவாதே, கத்தரி வெக்கலாமேன்னா? உன் மடியில கத்தரி நாத்து இருக்குதே, ஏறும்போதே பாத்தேன், வேலூர் மார்க்கெட்டுல வாங்கினியா, நல்ல நாத்து. கத்தரிக்குத் தினம் தண்ணி ஊத்தணும், மாட்டெரு போடணும், எலைக்கடியில வெள்ளப்பூச்சி வந்தா வேப்பெண்ணெ தெளிக்கணும், ரெண்டு நாள் ஊருக்குப் போய்ட்டு வந்தா மூஞ்சத் தூக்கி வெச்சுக்கும். கள்ளிக்குப் பத்து நாளைக்கு ஒரு சொம்பு போதும், மறந்துட்டாலும் கோவிச்சுக்காது. கத்தரி கேக்கறதுக்கு முன்னாடியே குடுக்கும், கள்ளி கால்ல வுழுந்தாலும் குடுக்காது. எல்லாம் தெரியும் எனக்கு. ரெண்டையும் வெச்சுப் பாத்த வீட்டுக்கு எதுத்த வீடு என்னுது. போளூர்ல என் பொண்ணு நிரோஷாவக் கட்டிக் குடுத்திருக்குது. மாப்பிள்ள அஞ்சு மணிக்கு வேலை முடிஞ்சு வருவான், அதுக்குள்ள அவ வீட்டுக் கத்தரியப் புடுங்கிப் போட்டுட்டு இதை நடணும். நட்டா என் பொண்ணு பொழைச்சா. ஏன்னா கேளு, இப்பதான் கண்ணமங்கலம் தாண்டியிருக்குது, சொல்லி முடிச்சிடலாம்.

எங்களுது ஹவுசிங் போர்டு, சி பிளாக்கு, மூணு மாடி. ரெண்டாவது மாடியில எனக்கு எதுத்த வீட்டுல அம்சவேணி. புருஷன் பேரு தசரதன், தோல் கம்பெனியில வேலை, வாரம் பூரா பூனை மாதிரி போவான் வருவான், ஞாயித்துக்கிழமை மத்தியானம் கறிச்சோறு துன்னுட்டு அவளப் போட்டு அடிப்பான். அப்ப அவ வராண்டாவுல பெயிண்ட் பக்கெட்டுல ஒரே ஒரு முள்ளுக்கத்தரி வெச்சிருந்தா. ஒரு நாளு கொழம்புல உப்பு கம்மின்னு ஓங்கி ஒரு அறை வுட்டான், அந்தச் சத்தம் கீழ பம்ப் ரூம் வரைக்கும் கேட்டுச்சு. கன்னத்தப் புடிச்சுக்கினு அவ வராண்டாவுக்கு வந்து நின்னா, கையை எடுத்தா கன்னம் கழுவி வெச்ச தட்டாட்டம் இருக்குது, செவப்பு இல்ல, வீக்கம் இல்ல, அஞ்சு வெரல்ல ஒரு வெரல் பதியல, பக்கத்துல பாத்தா காலையில பூ மட்டும் வுட்டிருந்த செடியில ஊதாக் கலர்ல ஒரு காயி, கைப்புடி அளவு, பளபளன்னு தொங்குது.

நாங்க யாரும் மலைச்சுப் போயிடல. ஆடிக் காத்துக்கு அப்படித்தான் காய்க்கும்னு மேல் வீட்டு மரகதம் சொன்னா, ஓகோன்னு கேட்டுக்கினோம். அடுத்த வாரம் ஒதைச்சான், ரெண்டு நீட்டுக் காய். அதுக்கடுத்த வாரம் பெல்ட்ட எடுத்தான், வெள்ளையும் ஊதாவுமா வரி போட்ட காயா ஏழு வந்துச்சு. அப்புறம் எங்களுக்கே கணக்கு புரிஞ்சு போச்சு, குத்தினா உருண்டையா காய்க்கும், கிள்ளினா பிஞ்சு வுடும், தலைமுடியப் புடிச்சு செவுத்துல மோதினா கொத்தா நாலு காயி ஒரே காம்புல தொங்கும், அவ ஒடம்புல மட்டும் ஒரு கீறல் இருக்காது. வலி அவளுக்கு இருந்துச்சு, அது பக்கெட்டுக்குப் போவல, அதையும் சொல்லிடறேன்.

அந்தக் காயோட ருசி இருக்குதே, ஐயோ, பாவி நான் சொல்லக்கூடாது, எண்ணெயில போட்டா வெண்ணெ மாதிரி கரையும், வெதையே பல்லுல படாது. அவ ஒண்ணு கூட வாயில வெக்கமாட்டா. கேக்கறவங்களுக்கெல்லாம் குடுத்துடுவா, நாங்களும் கூச்சமில்லாம கூடையத் தூக்கிக்கினு போயி நின்னோம். காட்பாடியில இருந்து அவ அம்மா வந்துச்சு, ஜாக்கெட்ட அவுத்து முதுகத் தடவித் தடவிப் பாத்துட்டு, "நல்லாத்தானடி இருக்கிற, எதுக்குடி வாழற வீட்டப் பத்தி இல்லாததும் பொல்லாததும் பேசற"ன்னு திட்டிட்டு, போவும்போது ரெண்டு கிலோ கட்டிக்கினு போச்சு. போலீஸ் ஸ்டேஷனுக்கும் போனா. காயம் எங்கம்மான்னு கேட்டாங்களாம், அவ காய்ப் பையை மேசை மேல வெச்சு, "இதுதாங்க மேடம்"னு சொன்னாளாம். பையை வாங்கி வெச்சுக்கினு அனுப்பிட்டாங்க.

இப்படியே ரெண்டு வருசம் ஓடிச்சு. ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி ஆனா சி பிளாக்குல எல்லா வீட்டுலயும் டிவி சத்தத்தக் கொறைச்சிடுவாங்க, எத்தினி வுழுதுன்னு கேக்கறதுக்கு. அஞ்சு வுழுந்தா பொரியல், பத்து வுழுந்தா கொழம்பு. நான் புளி ஊற வெச்சுட்டு, காதத் தீட்டிக்கினு உக்காந்திருப்பேன். இதைச் சொல்ல எனக்கு வெக்கமா இருக்குதும்மா, ஆனா பொய் சொன்னா எனக்கு வாயி குத்தும், அது ஏன்னு அப்புறம் சொல்றேன்.

கள்ளி இருந்தது கீழ் வீட்டு பல்கீஸ் அக்காகிட்ட. புருஷன் செத்து பதினோரு வருசம், தனி ஆளு, வாசல் ஓரமா எண்ணெ டின்ன வெட்டி நாலு டின்னுல கள்ளி வெச்சிருந்துச்சு. முள்ளுச்செடி இருந்தா பிளாக்குல சண்டை வரும், எடுத்துப் போடுன்னு குடியிருக்கறவங்க சங்கத்துல மூணு வாட்டி கூப்பிட்டுச் சொன்னாங்க. "எங்க வீட்டுக்காரர் இருந்தப்ப வெச்சதும்மா, வெச்சதுல இருந்து சண்டையே இல்ல"ன்னு மட்டும் அக்கா சொல்லும், சிரிக்கும், உள்ள போய்டும். முள்ளுக்கத்தரிக்கு எலையில முள்ளு, தண்டுல முள்ளு, காம்புல முள்ளு, அதுக்கு யாரும் சங்கத்தக் கூட்டல.

போன கார்த்திகையில தசரதன் மலைக்கு மாலை போட்டான். அடி கெடையாது, கறி கெடையாது, அம்சவேணிய சாமின்னு கூப்பிடறான். நாப்பத்தெட்டு நாளு அவ தலை வாரி பூ வெச்சுக்கினா, வராண்டாவுல நின்னு பாட்டு முணுமுணுத்தா, செடி காஞ்சு வெறும் குச்சியா நின்னுச்சு. பிளாக்குல எல்லார் மூஞ்சும் தொங்கிப் போச்சு. "இவன் எதுக்கு இப்ப மாலை போட்டான்"னு மரகதம் வாய் வுட்டே கேட்டா, ஒருத்தரும் அவள அதட்டல.

என் பொண்ணுக்குத் தை மாசம் கல்யாணம் வெச்சிருந்தோம். பொண்ணு பாக்க வந்தப்ப சம்மந்தி வீட்டுக்காரங்க அம்சவேணி வீட்டுக் கத்தரிக்காயத் துன்னுட்டுப் போயிருந்தாங்க. எங்க பக்கத்துல பிரியாணின்னா கூட கத்தரிக்கா தொக்கு இல்லாம எலை போடமாட்டாங்க, உனக்குத் தெரியுமே. "பிரியாணி முன்ன பின்ன இருந்தாலும் பரவால்ல, கத்தரிக்கா அன்னிக்குப் போட்ட அதே காயா இருக்கணும்"னு சம்மந்தியம்மா போன் போட்டுச் சொல்லிடுச்சு. எத்தினி வேணும்னு சமையல் மாஸ்டரக் கேட்டேன், நாப்பது கிலோன்னான். மார்க்கெட்டுல மலை மாதிரி குவிஞ்சு கெடந்துச்சும்மா கத்தரிக்கா, வாங்கிப் போட்டிருந்தா ஒரு பய கண்டுபுடிச்சிருக்க மாட்டான். எனக்குத்தான் கெடுபுத்தி. திங்கக்கெழம கல்யாணம், தசரதன் மலையில இருந்து வந்து மாலையக் கழட்டினது வெள்ளிக்கெழம. ஞாயித்துக்கெழம பகல்ல கறிப் பையோட படியேறி வந்தான், நான் படியில நின்னு கோலப்பொடி டப்பாவக் கையில வெச்சுக்கினு, "தம்பி, நீ மலைக்குப் போன நேரம் பாத்து அம்சா செல்லுல யார்கிட்டயோ சிரிச்சு சிரிச்சுப் பேசிக்கினே இருந்தாப்பா, நான் சொன்னேன்னு சொல்லாத"ன்னேன். அவ பேசினது அவ அம்மாகிட்ட. அது எனக்குத் தெரியும்.

ஒரு மணிக்கு ஆரம்பிச்சான். கையால அடிச்சான், பெல்ட்டால அடிச்சான், குக்கர் மூடியால அடிச்சான், கதவு இடுக்குல அவ கையை வெச்சு கதவச் சாத்தினான், நாங்க வெளிய கோணியும் கூடையுமா நிக்கறோம், காஞ்ச குச்சி தளதளன்னு துளுத்து பக்கெட்டப் பொளந்துக்கினு கம்பியில ஏறி, மேல் மாடிக்கு ஒரு கெளை கீழ் மாடிக்கு ஒரு கெளைன்னு ஓடி, எங்க கண்ணு முன்னாடியே பூத்து எங்க கண்ணு முன்னாடியே காய்ச்சுது, பறிக்கப் பறிக்க வந்துச்சு, காம்பு முள்ளு எங்க கையெல்லாம் கிழிச்சுது, அவ கத்தறது நின்னு மொனகல் ஆயி அதுவும் நின்னும் காய் மட்டும் நிக்கல. மாஸ்டர் தராசுல போட்டுப் பாத்து முப்பத்தெட்டுன்னான். நான் அவ கதவுகிட்டப் போய் நின்னேன், தட்டியிருக்கலாம், கை கதவு மேலதான் இருந்துச்சு. உள்ள இன்னும் நாலு சத்தம் கேட்டுச்சு. மாஸ்டர் நாப்பதுன்னு சொன்னதுக்கு அப்புறம்தான் தட்டினேன்.

சாப்பாட்டப் பத்திப் பேசாத ஆளு இல்ல அந்தக் கல்யாணத்துல. சம்மந்தியம்மா ரெண்டு வாட்டி எலை போட்டு உக்காந்துச்சு, வெதை வேணும்னு கேட்டுச்சு. நான் பெருமையா அந்தச் செடிக்கு அடியில மொளைச்சிருந்த அஞ்சு நாத்து எடுத்து, மஞ்சத்துணி சுத்தி, என் பொண்ணு சீர்த்தட்டுல குங்குமச் சிமிழுக்குப் பக்கத்துல என் கையாலயே வெச்சு அனுப்பினேன்.

மறுநாளு அம்சவேணி என் வீட்டுக்கு வந்தா. மூஞ்சி பளிச்சுன்னு இருக்குது, ஆனா வலது கை தூக்க முடியல, நடந்தா ஒரு கால் இழுக்குது. "சாப்பாடு நல்லா இருந்துச்சா அக்கா?"

"நல்லா இருந்துச்சும்மா."

"எத்தினி கிலோ?"

நான் தரையப் பாத்துக்கினு நாப்பதுன்னேன். அவ வலது கைய இடது கையால தாங்கிப் புடிச்சுக்கினா. "முன்னாடியே சொல்லியிருந்தா ரெண்டு வாரமா வாங்கியிருப்பேனே அக்கா, ஒரே நாள்ல தாங்கல"ன்னா. கோவமே இல்ல அவ கொரல்ல, அதுலதான் எனக்கு இன்னி வரைக்கும் தூக்கம் இல்ல.

அங்கருந்து நேரா எறங்கி பல்கீஸ் அக்கா வீட்டுக்குப் போனா. அக்கா ஒண்ணும் கேக்காம ஒரு கள்ளி மடலை ஒடைச்சுக் குடுத்துச்சாம். அதைக் கொண்டாந்து, நல்லா இருந்த கையால கத்தரிய வேரோட புடுங்கி வராண்டாவுல போட்டுட்டு, அந்த மண்ணையே ஒரு டின்னுல கொட்டி கள்ளிய நட்டா. நாங்க எல்லாம் வாய் மேல கை வெச்சுக்கினு பாத்தோம். அடுத்த ஞாயித்துக்கெழம தசரதன் கை ஓங்கினான். அறை வுழுந்த சத்தம் கேட்டுச்சு, நாங்க பழக்கத்துல கூடையத் தூக்கிக்கினு வந்துட்டோம். காயி இல்ல. கள்ளியில முள்ளு ஒண்ணு வெரல் நீளத்துக்கு வளந்து நிக்குது, உள்ள அவன் "ஐயோ"ன்னு கத்தறான், பாத்தா அவன் உள்ளங்கையப் பொளந்துக்கினு அதே முள்ளு. இடுக்கியால புடுங்கினாங்க, புடுங்கின எடத்துல ரெண்டு வந்துச்சு. இடது கையால அடிச்சான், அதுலயும் வந்துச்சு. ஒதைச்சான், பாதம் பூரா வந்துச்சு. நெத்தியால முட்டினான், அந்த மடையன், அதையும் வுட்டு வெக்கல. மூணாவது வாரம் வராண்டாவுல மல்லாந்து கெடந்தான், நிக்க முடியல, சோத்தப் பெசைய முடியல, ரத்தம் படியில எறங்கி காஞ்சு கெடந்துச்சு, பக்கத்துலயே அம்சவேணி ஸ்டூல் போட்டு உக்காந்து தயிர்ச்சோறு துன்னுக்கினு இருந்தா. கை ஓங்காத நாளு ஒவ்வொண்ணுக்கும் ஒரு முள்ளு தானா உதுரும்னு அப்புறம் தெரிஞ்சுது. இன்னும் உதுந்துக்கினுதான் இருக்குது.

அப்பதான் எங்க பிளாக்குக்கு ஞாயம் பொறந்துச்சு. அடடா, ஒரு ஆம்பளைய இப்படியாடி பண்ணுவ, முள்ளுச்செடி வெக்காதன்னு சொன்னோமே, கேட்டியான்னு சங்கத்தக் கூட்டிட்டாங்க. ரெண்டு வருசம் அவ கத்தினப்ப கூடாத சங்கம். கள்ளிய வெட்டறேன்னு கத்தியோட நாலு ஆம்பளைங்க மேல வந்தாங்க, அதுல ரெண்டு பேரு வெட்டறதுக்கு முன்னாடியே கையப் புடிச்சுக்கினு குந்திட்டாங்க, அவங்கவங்க வீட்டுல இன்னா பண்ணாங்களோ யாருக்குத் தெரியும். நான் பெரிய மனுஷியாட்டம் முன்னாடி போய், "ஏண்டி அம்சா, நான் உனக்கு இன்னா கெடுதல் பண்ணேன், நல்லதுக்குத்தான் சொல்றேன்"னு வாயத் தொறந்தேன். நாக்கு நுனியில சுருக்குன்னுச்சு. தொட்டா முள்ளு. நான் கையால அடிக்கலம்மா, இதாலதான் அடிச்சேன். இன்னிக்கும் இருக்குது, பொய் சொன்னா குத்தும், உண்மை சொன்னா சும்மா இருக்கும், வேணும்னா நீட்டிக் காட்டறேன், வேணாமா, சரி.

நிரோஷா வாரத்துக்கு ரெண்டு வாட்டி போன் பண்ணுவா. எப்பவும் நல்லா இருக்கறேம்மான்னுதான் சொல்லுவா. இன்னிக்குக் காலையில வீடியோவுல வந்தா, மூஞ்சி பளிச்சுன்னு இருக்குது, நெத்தியில ஒரு பரு கூட இல்ல. "அம்மா, நீ குடுத்த கத்தரி எப்படிக் காய்க்குது பாரேன், அத்தை தெரு பூராவும் குடுக்கறாங்க"ன்னு செல்லத் திருப்பிக் காட்டினா. ஜன்னல் ஏறி மாடிக்குப் போயிருக்குதும்மா. நாலு மாசச் செடி. எல்லாம் வரி போட்ட காயி.

நான் செல்லக் கீழ போட்டுட்டு அம்சவேணி வீட்டுக்கு ஓடினேன். அவ இப்ப ஷூ கம்பெனிக்குப் போறா, வேலைக்குக் கெளம்பிக்கினு இருந்தா. எந்த மூஞ்ச வெச்சுக்கினு கேக்கறது? நின்னு அழுதேன். அவ என்னையே பாத்துட்டு, "பொண்ணு வீட்டுலயா?"ன்னா. தலையாட்டினேன். பெரிய மடலா பாத்து ஒடைச்சா. நான் முந்தானைய நீட்டினேன். "துணி வேணாம், கையால வாங்கு"ன்னா. கையாலதான் வாங்கினேன், பாரு, உள்ளங்கை பூரா. இப்ப எங்க பிளாக்குல பாதி வீட்டு வாசல்ல கள்ளிதான் நிக்குது, சங்கத் தலைவர் வீட்டு வாசல்லயும் அவர் பொண்டாட்டி வெச்சிருக்குது.

சந்தவாசல் போயிடுச்சே, ஏம்மா நாத்தையே பாத்துக்கினு வர? ஏறும்போது சொன்னியே, என் வீட்டுல கத்தரி எப்படிக் காய்க்கும் தெரியுமான்னு. எப்படிக் காய்க்கும்? சரி சரி, சொல்லாத, அழுவாத. தா, இந்த ஓரத்துல சின்ன மடல் ஒண்ணு வுட்டிருக்குது, ஒடைச்சுத் தரேன், நாத்து மேல வெக்கறேன், கையால புடிச்சுக்க. தண்ணி அதிகம் ஊத்தாத, அழுவிடும்.

போளூர் வந்துடுச்சு. ஐயோ, வரேன்னு போன்ல சொன்னதுக்கு என் பொண்ணு பஸ் ஸ்டாண்டுக்கே வந்து நிக்கறா பாரு, அதோ, பச்சப் பொடவை. எப்படிச் சிரிக்கறா. மூஞ்சியில ஒரு கீறல் இருக்குதா, உன் கண்ணு நல்ல கண்ணு, பாத்துச் சொல்லு. இல்ல இல்ல? கை கழுத்து எங்கயும் ஒண்ணும் இல்ல இல்ல?

கையில பை வெச்சிருக்கறாளே. தரையில ஒண்ணு வெச்சிருக்கறா. ரெண்டுலயும் காய் ரொம்பி வழியுது, அம்மாவுக்குன்னு கொண்டாந்திருக்கறா.

நகரும்மா, எறங்கணும்.